கர்ப்பகால இடுப்பு நோவும் உடற்பயிற்சியும்: ஒரு வரலாற்று நோக்கு

தமிழ்ப் பேச்சு வழக்கில், ஒரு பெண்ணுக்கு ‘இடுப்பு வலி கண்டுவிட்டது’ எனின் பிள்ளை பிறக்கும் வேளை நெருங்கிவிட்டது என்பதே பொருள். மருத்துவிச்சிக்கு ஆள் போகும். அடுப்பில் வெந்நீர் ஏறும். பிரசவ வேதனையைக் குறிக்கும் பெயராக இச்சொல் நிலைபெற்றுவிட்டமையால், அதற்கு மூன்று நான்கு மாதங்களுக்கு முன்னரே இடுப்பெலும்பு மூட்டுகளில் தோன்றி, நடையையும் உறக்கத்தையும் குலைக்கும் பிறிதொரு நோவுக்கு நம்மிடையே தனிப்பெயர் ஏற்படவில்லை. ‘வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு இவையெல்லாம் இருக்குந்தானே’ என்ற ஆறுதல் மொழியோடு அது முடிந்துவிடுகிறது.

அந்நோவுக்கு ஒரு வரலாறு உண்டு. அதனைத் தணிப்பதற்கு ஓய்வு வேண்டுமா, உடற்பயிற்சி வேண்டுமா என்ற வினாவுக்கு அதனினும் சுவையான வரலாறு உண்டு. மருத்துவர்கள் ஒரு காலத்தில் கட்டிலையும் இடுப்புக் கட்டையும் விதித்தனர். பிறிதொரு காலத்தில் தேகப்பயிற்சியை விதித்தனர். இம்மாற்றங்கள் மருத்துவ அறிவின் வளர்ச்சியினால் மட்டும் நிகழ்ந்தவை அல்ல. மருத்துவரின் கண்முன் எந்த வர்க்கத்துப் பெண் நின்றாள், அவளிடமிருந்து சமூகம் எதனை எதிர்பார்த்தது என்பனவும் அவற்றை நிர்ணயித்தன. இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நோயின் இயல்பைச் சுருக்கமாகக் கூறல் வேண்டும். முள்ளந்தண்டின் அடியிலுள்ள திருவென்பும், அதன் இருமருங்கிலும் உள்ள இடுப்பென்புகளும் சேர்ந்து ஒரு வளையமாக அமைந்துள்ளன. பின்புறத்தில் திருவென்பின் இருபக்கமும் இரண்டு மூட்டுகள். முன்புறத்தில் பூப்பென்புகள் கூடுமிடத்தில் ஒன்று. உடலின் மேற்பாதிப் பாரம் முழுவதும் இவ்வளையத்தினூடாகவே கால்களுக்கு இறங்குகிறது. கர்ப்ப காலத்தில் இம்மூட்டுகளில் உண்டாகும் நோவு, புட்டத்தின் மேற்பகுதியிலோ முன்புற மூட்டிலோ இரண்டிலுமோ உறைக்கும். தொடையின் பின்புறமாகவும் பரவும். படியேறுகையிலும், ஒற்றைக் காலில் நின்று ஆடை அணிகையிலும், படுக்கையில் புரளுகையிலும் அது கடுமையாகும். 2008 ஆம் ஆண்டு வெளிவந்த ஐரோப்பிய வழிகாட்டு நெறிகள், கர்ப்பிணிகளுள் ஏறத்தாழ நூற்றுக்கு இருபது பேரிடம் இது காணப்படுவதாகக் கணித்தன. அற்ப தொகையன்று.

இடுப்பு வளையத்தின் மூட்டுகள் கர்ப்பகாலத்தில் நெகிழ்கின்றனவா என்ற ஐயம் மிகப் பழையது. முதற்பேற்றோடு அவை விரிவடைந்துவிடுகின்றன என்ற கருத்து இப்பொக்கிரட்டீசின் பெயரால் வழங்கிவந்தது. மறுத்தோரும் பலர். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிலே செவ்ரன் பினோ என்ற பிரெஞ்சு சத்திரவைத்தியர், மூட்டு விலகலை ஒரு பெண்ணின் சடலத்திலே கண்டதாக எழுதினார். அவள் பிள்ளைபெற்ற சில நாட்களில் தூக்கிலிடப்பட்டவள். நடந்து திரிந்த காலத்தில் அவளது இடுப்பு நொந்ததா என்று கேட்டவர் எவரும் இருந்திருக்க மாட்டார்.

1777 ஆம் ஆண்டில் பாரிசில் சிகோ என்பவர், குறுகிய இடுப்புடைய ஒரு போர்வீரனின் மனைவிக்கு முன்புற மூட்டைக் கத்தியால் வெட்டிப் பிரித்து உயிருள்ள பிள்ளையை வெளிப்படுத்தினார். பாரிஸ் மருத்துவ பீடம் அவரைக் கொண்டாடியது. அப்பெண் உயிர் பிழைத்தாள். ஆயின் சிறுநீர் கட்டுக்கடங்காத நிலையும் நடைத் தளர்ச்சியும் அவளுக்கு எஞ்சின. இந்நிகழ்ச்சி பழைய மகப்பேற்றியலின் அடிப்படை நோக்கை நன்கு காட்டுகிறது. அவ்வியலுக்கு இடுப்பு என்பது பிள்ளை வெளிவரும் வாயில். அதன் அகலத்தை அளக்கலாம், போதாவிடின் அகட்டலாம். பெண்ணுக்கோ இடுப்பு என்பது பாரந் தாங்கும் உறுப்பு; அதைக் கொண்டுதான் அவள் நடக்கவும் குனியவும் குடம் சுமக்கவும் வேண்டும். இவ்விரு நோக்குகளுக்கும் இடையேயுள்ள முரண் பின்வரும் காலப்பகுதி முழுவதும் தொடர்வதைக் காணலாம். (மேலைத்தேய மகப்பேற்றியல் தமிழில் எழுதப்பட்ட வரலாறு தனியே ஆராயத்தக்கது. மானிப்பாயில் பணிபுரிந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் கிறீன் 1857 இல் ‘பிரசவ வைத்திய’த்தைத் தமிழில் வெளியிட்டார் என்பதை இங்கு நினைவுகூர்ந்து மேற்செல்லலாம்.)

நோவையே பொருளாகக் கொண்ட விரிவான எழுத்து, 1870 ஆம் ஆண்டில் அமெரிக்க மகப்பேற்றியல் இதழொன்றிலே ஸ்னெலிங் என்பார் எழுதிய கட்டுரையாகும். மூட்டுகளின் தளர்ச்சி படிப்படியாகவோ திடீரெனவோ தோன்றி நடமாட்டத்தைத் தடுப்பதையும், அப்பெண்ணுக்கு அது அச்சந் தருவதையும் அவர் விவரித்தார். அக்காலத்து வைத்தியமோ எளிது: இறுக்கமான கட்டு, கட்டில், காலம். வசதியுள்ள ஐரோப்பியப் பெண் கர்ப்பத்தின் பிற்கூற்றில் பொதுவிடங்களில் தோன்றாதிருத்தலும் பேற்றின்பின் வாரக்கணக்கிற் படுத்திருத்தலும் ஒழுக்கமாகக் கருதப்பட்ட சமுதாயத்தில் அவ்வைத்தியம் வாழ்க்கை முறையோடு நன்கு பொருந்தியது. அவளது வீட்டின் படிகளைத் துடைத்த வேலைக்காரிக்கும், லங்காசயர் நெசவாலையில் நின்று உழைத்தவளுக்கும் அவ்வைத்தியத்தை யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. படுக்கை ஓய்வு என்பது ஊதியம் இழக்காது படுக்கக்கூடியவருக்கு மட்டும் உரிய மருந்து.

உடற்பயிற்சி என்ற கருத்து வேறொரு திசையிலிருந்து வந்தது. 1813 ஆம் ஆண்டில் பேர் ஹென்ரிக் லிங் ஸ்டொக்ஹோமில் நிறுவிய தேகப்பயிற்சி நிறுவனம் போர்வீரருக்கும் நோயாளருக்கும் உரிய பயிற்சிகளை வகுத்தது. 1880களில் மார்ட்டினா பேர்க்மன் ஒஸ்ரபேர்க் என்ற ஸ்வீடிஷ் பெண்மணி அம்முறையை இலண்டன் பாடசாலைச் சிறுமியருக்கும் ஆசிரியைகளுக்கும் கொண்டுவந்தார். 1894 இல் பிரித்தானியத் தாதியர் சிலர் அமைத்த சங்கமே பின்னர் இயன்மருத்துவர்களின் தொழிற்றாபனமாக வளர்ந்தது. ஆண் மருத்துவரின் கட்டளையின் கீழ்ப் பெண்கள் தம் கைகளாற் செய்த தொழில் அது. கர்ப்பிணிக்கான பயிற்சிகள் உருவாகியது இக்கைகளிலேதான் என்பது கவனிக்கற்பாலது. மருத்துவ வரலாற்று நூல்கள் இதனைப் பெரும்பாலும் ஒரு வரியிற் கூறிச் செல்கின்றன.

இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் மினி ரண்டெல் இவ்வகையில் முன்னோடியாவார். தாதியாகவும் மருத்துவிச்சியாகவும் பயிற்சி பெற்று, அங்கு இயன்மருத்துவப் பள்ளியை நடத்தியவர் அவர். பிள்ளைபெற்ற பெண்களை வாரக்கணக்கில் அசையாது கிடத்துவதை விரும்பாத மகப்பேற்று நிபுணர் ஃபெயர்பேர்ன் அவருக்கு ஆதரவளித்தார். மாகிரட் மொரிஸ் என்ற நடனக் கலைஞரும் இம்முயற்சியில் இணைந்தார். 1936 ஆம் ஆண்டில் மொரிசின் மகப்பேற்றுப் பயிற்சி நூலும், 1939 இல் ரண்டெலின் நூலும் வெளிவந்தன. ரண்டெலின் நூல் தாயின் நோக்கிலிருந்து எழுதப்பட்டது என்று தன் தலைப்பிலேயே கூறிக்கொண்டது. நடன மேடையில் உடலின் சமநிலையை அறிந்த ஒருவரின் அறிவு கர்ப்பிணியின் நடைக்கும் நிலைக்கும் பயன்பட்டமை, துறைகளுக்கிடையே வேலியிடுவோர் எண்ணிப்பார்க்க வேண்டியது.

இக்கட்டத்திலே நமது துணைக்கண்டம் இவ்வரலாற்றினுள் நுழைகிறது. கத்லீன் வோன் என்ற ஆங்கிலேய மருத்துவர் காசுமீரத்துச் சிறிநகரில் பெண்கள் வைத்தியசாலையொன்றிற் பணியாற்றியவர். நகரத்து உயர்குடிகளில் பர்தா முறைக்குட்பட்டு இருண்ட அறைகளுள் வாழ்ந்த பெண்கள், என்பு மென்மையடையும் நோயினால் இடுப்பு உருக்குலைந்து, பேற்றின்போது மாளும் நிலைக்கு வருவதை அவர் கண்டார். அதே நகரின் ஏரியிலும் ஆற்றிலும் தோணிகளில் வாழ்ந்து, வெயிலில் துடுப்பு வலித்து, குந்தியிருந்து தொழில் செய்த பெண்கள் எளிதாகப் பிள்ளைபெறுவதையும் கண்டார். 1928 இல் பர்தா முறை தாய்மைக்கு விளைக்கும் கேடு பற்றியும், 1937 இல் இடரற்ற பிள்ளைப்பேறு பற்றியும் அவர் எழுதிய நூல்கள் இவ்வொப்பீட்டின் மீதே எழுந்தவை. சூரிய ஒளி மறுக்கப்பட்ட உடலில் விற்றமின் டி குறைந்து என்பு மெலிகிறது என்ற அளவில் அவர் கூறியது முற்றும் சரியானது. குந்தியிருக்கையில் இடுப்பின் கீழ்வாயில் விரிகிறது என்ற அவரது கூற்றையும் பின்னாளைய எக்ஸ் கதிர் ஆய்வுகள் ஆதரித்தன.

வோனின் கருத்துகளிலிருந்து, ஐரோப்பியப் பெண்ணும் நாற்காலியை விட்டுத் தரையில் அமரவும் குந்தவும் மூட்டுகளை நெகிழ்விக்கவும் பழகவேண்டும் என்ற கொள்கை பிறந்தது. 1951 இல் அவரே பேற்றுக்கு முந்திய பயிற்சிகள் பற்றித் தனிநூல் எழுதினார். ஒரு முரண் இங்கே தோன்றுகிறது. தோணிக்காரி இந்நூல்களின் முன்மாதிரி. ஆனால் அவள் நோயாளியாக அவற்றில் இடம்பெறுவதில்லை. அவள் எளிதாகப் பெற்றாள் என்பது பதிவாயிற்று. ஏழாம் மாதத்தில் துடுப்பு வலிக்கையில் அவளது இடுப்பின் பின்மூட்டு எவ்வாறிருந்தது என்பது அங்கே வினாவாகவே எழவில்லை. அவளது உழைப்பு, உழைக்காத பெண்ணுக்குரிய பயிற்சியாக மாற்றியெழுதப்பட்டது. உழைப்பவளின் உடல் இயல்பிலேயே திடமானது, நோவறியாதது என்ற எண்ணம் இதனோடு கூடவே வேரூன்றியது. வோனின் மனிதாபிமானத்தை ஐயுற இடமில்லை. பர்தாவைச் சமூகக் கொடுமையாக அவர் கண்டார். ஆயினும் அவரது ஒப்பீட்டின் விளைவு இதுவே.

அதே தசாப்தத்தில் கிரான்ட்லி டிக்-ரீட் என்ற ஆங்கிலேய மருத்துவர் இவ்வெண்ணத்தை மேலும் கொண்டு சென்றார். 1933 இல் வெளிவந்த அவரது நூல் அச்சமே பேற்று வேதனையின் மூலம் என வாதித்தது. தொழிலிடையே ஒதுங்கிப் பிள்ளைபெற்று மீண்டும் தொழிலுக்குத் திரும்பும் ‘ஆதிப்பெண்’ என்ற சித்திரம் அவரது வாதத்திற்கு ஆதாரமாயிற்று. படித்த, நடுத்தர வர்க்கத்துப் பிரித்தானியப் பெண்கள் பிள்ளைபெறத் தயங்குவது இனத்துக்கும் பேரரசுக்கும் கேடு என்ற கவலை அக்காலத்துச் சூழலிற் பரவியிருந்தமையை மறந்து இந்நூலைப் படித்தலாகாது. இயன்மருத்துவர் ஹெலன் ஹேட்மன் 1948 இல் எழுதிய நூலின்வழி டிக்-ரீட்டின் கொள்கை பயிற்சி வகுப்புகளாக வடிவம் பெற்றது.

சோவியத் நாட்டில் வேறொரு மரபு எழுந்தது. கார்க்கோவைச் சேர்ந்த வெல்வொவ்ஸ்கி முதலானோர், பாவ்லொவின் உளவியலைத் தழுவிப் பேற்று வேதனையைப் பயிற்சியால் அடக்கும் முறையை 1949 அளவில் வகுத்தனர். 1951 இல் அங்கு சென்று திரும்பிய பிரெஞ்சு மருத்துவர் பெர்னான்ட் லாமாஸ், பாரிசில் உலோகத் தொழிலாளர் சங்கத்தின் சிகிச்சை நிலையத்தில் அதனைப் புகுத்தினார். தொழிலாளரின் பணத்தில் தொழிலாளரின் மனைவியருக்காக இயங்கிய நிலையம் அது. முற்போக்குணர்வுடையோர் இதனைப் பெருமையோடு குறிப்பிடுவதில் நியாயமுண்டு. எனினும் ஒன்றை மறைத்தல் தகாது: டிக்-ரீட்டின் வகுப்பாயினும் லாமாசின் வகுப்பாயினும், மூச்சுப் பயிற்சியாயினும் தசைத் தளர்வாயினும், எல்லாம் பேற்று நாளுக்கான ஆயத்தங்களே. இடுப்பு இன்னும் வாயிலாகவே நோக்கப்பட்டது. அந்நாளை அடையுமுன் நான்கு மாதம் நொந்து நடந்தவளுக்கு அவ்வகுப்புகள் அளித்தவை தற்செயலான நன்மைகள் மட்டுமே.

இதற்கிடையில் நோவுக்கு ஒரு விளக்கம் கிடைத்துவிட்டது. அது பல்லாண்டுகள் ஆராய்ச்சிக்குத் தடையாகவும் அமைந்தது. 1926 ஆம் ஆண்டில் அமெரிக்க விலங்கியலாளர் ஃபிரெடரிக் ஹிசோ, கர்ப்பமுற்ற விலங்கின் குருதி நீரைக் கர்ப்பமுறாத கினிப்பன்றிகளுக்குச் செலுத்தியபோது அவற்றின் பூப்பென்பு இணையங்கள் நெகிழ்வதைக் கண்டார். இதற்குக் காரணமான ஓமோன் பின்னர் றிலக்சின் எனப் பெயர் பெற்றது. கினிப்பன்றியில் உண்மையாயிருந்தது மனிதப் பெண்ணிலும் உண்மையாகவே இருக்கும் என்று கொள்ளப்பட்டது. ஓமோன் மூட்டை நெகிழ்விக்கிறது; நெகிழ்ந்த மூட்டு நோகிறது; பிள்ளை பிறந்தால் தீரும். இவ்விளக்கத்தில் உழைப்புக்கோ தசைக்கோ நிற்கும் நேரத்துக்கோ இடமில்லை. நோவு இயற்கையின் விதியாகிவிட்டது. இயற்கையின் விதிக்கு எதிராக எவரும் மருத்துவரிடமோ முதலாளியிடமோ முறையிடுவதில்லை.

உண்மை அத்துணை எளிதன்று. கர்ப்பத்தில் முன்மூட்டின் இடைவெளி சில மில்லிமீற்றர் அகலுகிறது என்பதை 1930களின் எக்ஸ் கதிர் ஆய்வுகளே காட்டின. ஆனால் இடைவெளியின் அளவும் நோவின் கடுமையும் ஒன்றோடொன்று ஒத்துச் செல்லவில்லை. அகன்ற மூட்டோடு நோவின்றி நடப்போரும் உளர். சாதாரண இடைவெளியோடு படுக்கையில் விழுவோரும் உளர். 1986 இல் குருதியிலுள்ள றிலக்சின் அளவுக்கும் நோவுக்கும் தொடர்புண்டு என்று ஓராய்வு கூறியது. பின்வந்த ஆய்வுகள் பல அத்தொடர்பைக் காணவில்லை. நெகிழ்வு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பொதுவெனின், ஐவருள் ஒருத்தி மட்டும் நோவது ஏன்?

இவ்வினாவுக்கு விடைதேடும் முயற்சி மகப்பேற்று நிபுணர்களிடமிருந்து வராமல், நோவைக் கைகளால் தொட்டறிந்தவர்களிடமிருந்தும் அதற்குச் செலவிட நேர்ந்த அரசுகளிடமிருந்தும் வந்தமை வியப்பன்று. 1977 இல் ஜில் மான்டில் என்ற இயன்மருத்துவரும் துணைவரும் இலண்டனின் கிழக்குப் பகுதி வைத்தியசாலையொன்றில் 180 தாய்மாரை வினவி, ஏறத்தாழ அரைப்பங்கினர் தொல்லை தரும் முதுகு நோவுக்கு உள்ளாகியிருந்ததை வெளிப்படுத்தினர். கேட்டபோதுதான் தெரிந்தது. ஆயினும் அக்காலத்தில் கர்ப்பிணியின் பயிற்சி பற்றிய அச்சமே மேலோங்கியிருந்தது. 1985 இல் அமெரிக்க மகப்பேற்று நிபுணர் கல்லூரி, கடும் பயிற்சி 15 நிமிடத்தைத் தாண்டலாகாது, நாடித்துடிப்பு 140 ஐத் தாண்டலாகாது என விதித்தது. 1994 இல் அவ்வெல்லைகளை விலக்கிக்கொண்டது. வயலிலும் ஆலையிலும் வேலைசெய்த கர்ப்பிணியின் நாடித்துடிப்புக்கு எவரும் எல்லை விதித்ததில்லை என்பதை இடைக்குறிப்பாகச் சொல்லிவைக்கலாம்.

திருப்புமுனை ஸ்கண்டினேவிய நாடுகளில் நிகழ்ந்தது. அங்கு இந்நோவுக்கு முன்னரே பெயர் இருந்தது. நோர்வேஜியர் அதனை ‘இடுப்பு நெகிழ்வு’ எனப் பொருள்படும் சொல்லால் அழைத்தனர். பெயர் இருந்தமையால் நோயாளப் பெண்கள் அப்பெயரின்கீழ்ச் சங்கமாகத் திரளவும் முடிந்தது. மேலும், சுகவீன விடுமுறைக்கு ஊதியம் வழங்கும் சட்டம் நிலவிய நாடுகளில் கர்ப்பிணிகள் வாரக்கணக்கில் வேலைக்கு வர முடியாதிருந்தமை அரசின் கணக்கேட்டில் இலக்கமாகத் தெரிந்தது. மறைவாயிருந்த நோவை வெளிப்படுத்தியது இக்கணக்கேடேயாகும். ஸ்வீடனின் கோதென்பர்க் நகரில் ஒஸ்ட்கார்டும் துணைவரும் 1990களின் முற்பகுதியில் நடத்திய ஆய்வுகள், இடை முதுகின் நோவும் இடுப்பின் பின்மூட்டு நோவும் வெவ்வேறானவை என நிறுவின. முதலாவதற்குப் பயன்பட்ட பொதுவான முதுகுப் பயிற்சி இரண்டாவதற்கு அவ்வளவு பயன்படவில்லை. ‘முதுகு நோவு’ என்ற ஒரே பெயரின்கீழ் இரண்டையும் அடக்கியதால் ஒன்றின் மருந்து மற்றதற்குக் கொடுக்கப்பட்டு வந்தது.

அதே காலத்தில் நெதர்லாந்தின் றொட்டர்டாம் நகரில் ஸ்னைடர்ஸ், விலீமிங் ஆகியோர் இடுப்பு வளையத்தை ஒரு பொறியியலாளரின் கண்கொண்டு நோக்கினர். கல் வளைவொன்றின் உச்சியிலுள்ள ஆப்புக்கல் இருபுறக் கற்களால் நெருக்கப்பட்டு நிற்பது போலத் திருவென்பு இரு இடுப்பென்புகளின் இடையே நிற்கிறது. அது வழுவாதிருக்கக் காரணங்கள் இரண்டு: என்புகளின் முகங்கள் ஒன்றோடொன்று பொருந்தும் வடிவம் ஒன்று, தசைகளும் இணையங்களும் அவற்றைக் குறுக்காக இறுக்கும் விசை மற்றொன்று. கர்ப்பத்தில் இணையங்கள் நெகிழுமாயின், குறைந்த விசையைத் தசைகள் ஈடுசெய்ய வேண்டும். ஈடு செய்ய இயலாதபோது, அல்லது தசைகள் ஒழுங்கின்றி இயங்கும்போது, நோவு தோன்றுகிறது. இவ்விளக்கத்தின்படி நெகிழ்வு விதியாயினும் நோவு விதியன்று. பாரந்தாங்கி என்ற நோக்கு முதன்முறையாக வாயில் என்ற நோக்கை வென்ற இடம் இதுவே எனலாம்.

இதிலிருந்து எழுந்த பயிற்சிகள் வோனின் காலத்துப் பயிற்சிகளினின்றும் வேறானவை. அவை மூட்டை நெகிழ்விப்பன, இவை இறுக்குவன. மூச்சை அடக்காது அடிவயிற்றை மெல்ல உள்வாங்கிச் சில கணம் வைத்திருத்தல். இடுப்பின் அடித்தளத் தசைகளைச் சுருக்கி விடுதல். கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி நின்று இடுப்பை முன்பின்னாகச் சாய்த்தல். முழங்கால்களிடையே தலையணையை வைத்து நெருக்குதல். புட்டத் தசைகளை வலுவாக்குதல். இவற்றோடு அன்றாட அசைவுகளும் திருத்தப்பட்டன: படுக்கையிற் புரளும்போது முழங்கால்களைச் சேர்த்துக்கொள்ளல், அமர்ந்தபடி ஆடை அணிதல், அடியைக் குறுக்கி வைத்தல், இருகாலிலும் சமமாக ஊன்றுதல். நோவு கூடுமாயின் பயிற்சியைக் குறைத்தல் வேண்டும் என்பதும், ஒருத்திக்கு வகுத்தது மற்றவளுக்குப் பொருந்தாமற் போகலாம் என்பதும் இம்முறையின் உயிரான விதிகள். தேகப்பயிற்சிக் கூடத்து வரிசையும் சீழ்க்கையும் இங்கே பயன்படா.

பலன் யாது? இங்கு உற்சாகத்தைக் கட்டுப்படுத்தல் வேண்டும். 2000 ஆம் ஆண்டில் மென்ஸ் முதலியோர் நெதர்லாந்தில் 44 பெண்களை எழுமாற்றாகப் பிரித்து ஆராய்ந்தபோது, உடலைக் குறுக்காக வளைக்கும் தசைகளுக்கான பயிற்சியால் எந்த மேலதிக நன்மையும் காணப்படவில்லை. 2004 இல் நோர்வேயின் பிரிட் ஸ்துகேயும் துணைவரும், பேற்றின் பின்னும் நோவு நீடித்த 81 பெண்களை ஆராய்ந்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வகுத்து 20 வாரம் நேரிற் கண்காணித்த பயிற்சி நோவையும் இயலாமையையும் தெளிவாகக் குறைத்ததைக் கண்டனர். இரண்டாண்டின் பின்னும் நன்மை நிலைத்தது. 2005 இல் கோதென்பர்க்கில் 386 கர்ப்பிணிகளிடையே நடந்த ஆய்வில், வழமைச் சிகிச்சையினும் உறுதிப்படுத்தும் பயிற்சி மேலாயிருந்தது. அக்குபங்சர் அதனினும் சற்று மேலாயிருந்தது. 2010 இல் வெளிவந்த ஸ்வீடிஷ் ஆய்வொன்றிலோ, வீட்டிலேயே செய்யுமாறு விடப்பட்ட பயிற்சி குறிப்பிடத்தக்க பலனைத் தரவில்லை. 2018 இல் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோர், பயிற்சி இந்நோவு தோன்றுவதைத் தடுப்பதில்லை எனவும், நோவு காரணமாக வேலையை விடும் நாட்களைக் குறைக்கிறது எனவும் முடிவு செய்தனர்.

இம்முடிவுகளை ஒருங்கே வைத்து நோக்குமிடத்து ஒன்று புலனாகிறது. துண்டுப்பிரசுரத்தில் அச்சிட்டுக் கையிற் கொடுக்கும் பயிற்சி ஏறக்குறையப் பயனற்றது. பயிற்சி தெரிந்த ஒருவர் அப்பெண்ணின் அருகிலமர்ந்து, அவள் எவ்வாறு நிற்கிறாள், எப்பக்கம் நோகிறது, நாள் முழுவதும் என்ன வேலை செய்கிறாள் என்று வினவி வகுத்தது பயன் தருகிறது. அதாவது மலிவான மருந்தென்று நாம் எண்ணும் உடற்பயிற்சி உண்மையில் மலிவானதன்று. அதன் விலை ஒரு தேர்ந்த ஆளின் நேரம்.

நலன்புரி அரசுகளிற் பிறந்த இவ்வாராய்ச்சி இயல்பாகவே ஓர் ஐயத்தை எழுப்பியது. விடுமுறைக்கு ஊதியம் கிடைப்பதால்தான் ஸ்கண்டினேவியப் பெண்கள் நோவைக் கூறுகின்றனரோ? வறிய நாட்டுப் பெண்களுக்கு இந்நோவு உண்டா? பியோர்க்லுன்ட், பேர்க்ஸ்ட்ரோம் என்னும் இருவர் இதனையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டு, ஸ்வீடன், பின்லாந்து, மொசாம்பிக், சன்சிபார் ஆகிய இடங்களில் கர்ப்பிணிகளை ஒரே முறையில் வினவி 2000 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். செல்வ நாட்டிலும் வறிய நாட்டிலும் பெண்கள் இந்நோவைக் கூறினர். நலன்புரி அரசின் குழந்தை இது என்ற எண்ணத்திற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. தோணிக்காரியிடம் எழுபதாண்டுகளுக்கு முன்னர் கேட்கப்படாத கேள்வி ஆபிரிக்கக் கரையில் ஒருவாறு கேட்கப்பட்டுவிட்டது. கடும் உடலுழைப்பு இந்நோவுக்கு ஏதுவாகும் காரணிகளுள் ஒன்றெனப் பிற தொகுப்பாய்வுகளும் சுட்டுகின்றன.

இவ்வொளியில் நமது மலையகத்தை நோக்குதல் இயல்பே. கொழுந்து பறிக்கும் பெண் சரிவிலே நிற்கிறாள். ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. கொழுந்தின் நிறை முதுகிலும் தலையிலுமாகத் தொங்குகிறது. நிறுக்குமிடத்துக்கும் மலைக்குமாக நாளுக்குப் பலமுறை ஏறி இறங்குகிறாள். ஒற்றைக் காலில் பாரம் ஏறுவதும் படியேறுவதும் இந்நோவைத் தூண்டுவன என்று மேலே கூறியதை இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். குறித்த நிறை பறிக்காவிடின் அரைப்பேர்தான். இருகாலிலும் சமமாக ஊன்றி நில் என்ற அறிவுரை கோதென்பர்க்கின் அலுவலகப் பெண்ணுக்குப் பொருந்தும். இவளுக்கு அது நகைப்புக்கிடமானது. பயிற்சியை அவளிடம் கொண்டுசெல்லுமுன் அவளது வேலையை மாற்ற வேண்டியிருக்கிறது.

சட்டம் இதற்கு எவ்வளவு இடந்தருகிறது? 1939 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளரையும் உள்ளடக்கியது. மூன்றாம் பிள்ளைக்கும் அதற்கு மேலும் 42 நாட்களாகக் குறைந்திருந்த விடுமுறை, 2018 இன் திருத்தத்தால் எல்லாப் பேறுகளுக்கும் 84 நாட்களாயிற்று. இது பெரும் முன்னேற்றம். எனினும் அந்நாட்களுள் பேற்றுக்கு முந்தியவை இரண்டு வாரங்களே. இடுப்பு நோவோ ஐந்தாம் ஆறாம் மாதத்திலேயே தலைகாட்டுவது. ஸ்வீடனில், கடும் வேலை செய்யும் கர்ப்பிணிக்கு வேறு வேலை கொடுக்க இயலாவிடின் பேற்றுக்கு முந்திய வாரங்களுக்குத் தனிக் கொடுப்பனவு உண்டு. நம் நாட்டில் அரச சேவையிலுள்ள பெண்ணுக்கு ஐந்து மாதம் நிறைந்தபின் அரைமணி பிந்தி வந்து அரைமணி முந்திச் செல்லும் சலுகை உண்டு; மலையில் நிற்பவளுக்கு அதுவும் எட்டுவதில்லை.

ஆயினும் கட்டளைச் சட்டத்திற் பிற்காலத்திற் சேர்ந்த ஒரு விதி நினைவுகொள்ளத்தக்கது: பேற்றுக்கு முந்திய மூன்று மாதங்களில் தாய்க்கோ பிள்ளைக்கோ ஊறு விளைக்கக்கூடிய வேலையில் அவளை அமர்த்தலாகாது. ஊறு எது என்பதை முடிவு செய்வதற்கு முதலில் நோவு இனங்காணப்பட வேண்டும். மல்லாந்து படுத்த நிலையில் முழங்காலை மடக்காது ஒரு காலைச் சிறிது உயர்த்தச் சொல்லி, அது எவ்வளவு கடினமாயிருக்கிறது எனக் கேட்பது இதற்கான பரிசோதனைகளுள் ஒன்று. அதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு பாயும், சில நிமிட நேரமும், அவள் சொல்வதைக் குறித்துக்கொள்ள ஒரு மருத்துவிச்சியும் இருந்தாற் போதும்.